பி-18 வசந்தா

எங்கள் ஆய்வக நுட்புநர் சங்கத்தில் இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறார்கள். "முப்பது வருஷ அனுபவம் சார் உங்களுக்கு. சுவையான சம்பவமா நாலு எழுதிக் குடுங்க" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். என் மகள் வயதுப் பெண். இப்போது பல ஆய்வகங்களில் பார்கோடு ஒட்டுகிறார்கள், அது வருவதற்கு முன்னால் எண் எப்படிப் போட்டீர்கள் என்று இளையவர்கள் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். சுவையான சம்பவம் என்னிடம் இல்லை. எண் போட்டது பற்றி ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். அச்சில் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

நான் சிதம்பரத்தில் விலங்கியல் படித்து, பிறகு ஆய்வக நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவன். நெய்வேலிக்கு வெளியே சாலையோரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் திசு ஆய்வுப் பிரிவில் சேர்ந்தேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அந்த மருத்துவமனை இன்று இல்லை. பெயர் வேண்டாம்.

எங்கள் பிரிவில் இரண்டே பேர். நோயியல் டாக்டரும் நானும். அறுவை அரங்கிலிருந்து கட்டிகள் கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாக்களில் வரும். கூடவே நோயாளியின் படிவம் வரும். நான் படிவத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் பதிந்து ஓர் எண் கொடுப்பேன். அதே எண்ணைப் பென்சிலால் டப்பாவின் சீட்டில் எழுதுவேன். டாக்டர் கட்டியை வெட்டிப் பார்த்து, வேண்டிய துண்டுகளை எடுத்து, கேசட் என்கிற துளையிட்ட சிறு பெட்டிகளில் போடுவார். கேசட்டிலும் அந்த எண்ணே இருக்கும். பிறகு அது மெழுகில் பதிக்கப்பட்டு ஒரு பிளாக் ஆகும். பிளாக்கை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் வைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டால் ஸ்லைடு. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையை விட்டுப் போகும் அறிக்கையில் நோயாளியின் பெயர் இருக்கும். ஸ்லைடில் பெயர் கிடையாது. எண் மட்டும்தான்.

டாக்டர் இதை வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். "தணிகாசலம், நான் ஆளுக்கு ரிப்போர்ட் எழுதல. நம்பருக்கு எழுதறேன். அந்த நம்பர் யாருன்னு உமக்குத்தான் தெரியும்." கேலி மாதிரித்தான் சொல்லுவார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டுதான் மைக்ராஸ்கோப்பில் குனிவார். ஒவ்வொரு ஸ்லைடையும் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை பார்ப்பார். "பசியில பாத்ததும் வயிறு ரொம்பிப் பாத்ததும் ஒத்துப்போனாத்தான் கையெழுத்து" என்பார். புற்று என்று வாயால் சொல்லவே மாட்டார். அப்படிப்பட்ட ஸ்லைடின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவார். அன்றைக்கெல்லாம் டீ வேண்டாம் என்பார்.

கட்டியில் நல்லது கெட்டது பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். என் கையில் கத்தியைக் கொடுத்து வெட்டச் சொல்லுவார். சாதாக் கட்டிக்கு ஓர் உறை உண்டு. சுற்றியுள்ள சதையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, தன் எல்லைக்குள்ளேயே வளரும். வெட்டினால் ரப்பர்போல வழுக்கும், விரலால் நெம்பினால் முழுசாகக் கழன்று வரும். மற்றதற்கு எல்லை கிடையாது. சுற்றியுள்ள சதைக்குள் கால் விட்டிருக்கும், எங்கே முடிகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து நிணநீரில் ஏறி அக்குளுக்குப் போகும், ரத்தத்தில் ஏறி எலும்புக்கும் ஈரலுக்கும் போகும். மார்பில் வரும் அந்தக் கட்டியைக் கத்தியால் அறுத்தால் பச்சைக் கொய்யாக்காயை அறுக்கிற மாதிரி கரகரவென்று இருக்கும். அந்தக் கரகரப்பை ஒருமுறை உணர்ந்த கை மறக்காது. என் கையும் மறக்கவில்லை. அதனால்தான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் திசு எண்களுக்கு முன்னால் பயாப்ஸி என்பதற்காக ஆங்கிலத்தில் பி என்று போடுவோம். பி-1, பி-2 என்று போகும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவோம். நெய்வேலியில் யாரையாவது விசாரித்தால் முதல் கேள்வி "எந்த பிளாக்?" என்பதுதான். டவுன்ஷிப் முழுக்கப் பிளாக் பிளாக்காகப் பிரித்துக் கட்டியது. முகவரியில் அதையும் பி என்றே சுருக்கி எழுதுவார்கள். ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்து, "பிளாக் எங்க இருக்கு?" என்று மெழுகு பிளாக்கைக் கேட்டார். எங்கள் அலுவலகப் பையன், "எந்த பிளாக்குக்கு சார் போவணும்? பஸ் ஸ்டாண்ட்ல எறங்குங்க, நான் வழி சொல்றேன்" என்றான். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்ததோடு விட்டோம்.

2013 ஜனவரியில் ஒரே நாளில் இரண்டு வசந்தாக்களுக்கு மார்புக் கட்டி எடுத்தார்கள். ஒருவர் டவுன்ஷிப்பில் பதினெட்டாம் பிளாக்கில் குடியிருந்தவர். கணவருக்குச் சுரங்கத்தில் நிரந்தர வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பார். இன்னொருவர் குள்ளஞ்சாவடியை ஒட்டிய கிராமத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனவர். அவர் கணவர் ஏழுமலை சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது.

அரங்கிலிருந்த நர்ஸ் கவனமானவர். ஒரே பெயர் இரண்டு இருக்கிறதே என்று, அடையாளத்துக்காக இருப்பிடத்தையும் சேர்த்து ஒரு டப்பாவில் "வசந்தா, கு.சாவடி" என்றும் மற்றதில் "வசந்தா, பி-18" என்றும் பால்பாயின்ட் பேனாவால் எழுதி அனுப்பினார்.

என்னிடம் வந்த படிவங்களில் மேலே இருந்தது குள்ளஞ்சாவடி வசந்தாவுடையது. அன்றைக்கு ரிஜிஸ்டரில் அடுத்த எண் பதினெட்டு. அவருக்கு பி-18, டவுன்ஷிப் வசந்தாவுக்கு பி-19 என்று பதிந்தேன். பிறகு டப்பாக்களுக்கு எண் போடத் திரும்பினேன். ஒன்றில் ஏற்கெனவே பி-18 என்று இருந்தது. வசந்தா, பி-18. பெயரும் சரி, எண்ணும் சரி. இதற்குப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, பென்சிலை எடுத்து மற்ற டப்பாவில், மேலே இருந்த ஊர்ப் பெயரைப் பார்க்காமலே, பி-19 என்று எழுதினேன்.

அவ்வளவுதான் நடந்தது. பத்து விநாடிகூட இருக்காது. பிப்ரவரி போய் மார்ச் வந்திருந்தால் எங்கள் எண்கள் ஊரின் பிளாக்குகளைத் தாண்டிப் போயிருக்கும், இந்தத் தவறு நடக்கவே வழி இல்லை.

டாக்டர் வெட்டினார். நான் எண்ணைக் கூப்பிட்டேன், அவர் சொன்னதை எழுதினேன். பி-18, உறையுள்ள கட்டி, ரப்பர்போல. பி-19, எல்லை இல்லாதது, கரகரப்பு. நான்காம் நாள் பி-19 ஸ்லைடின் மூலையில் சிவப்புக் கோடு விழுந்தது. குள்ளஞ்சாவடி வசந்தாவுக்குச் சாதாக் கட்டி என்று அறிக்கை போயிற்று. டவுன்ஷிப் வசந்தாவுக்குப் புற்று என்று போயிற்று.

மூன்று வாரத்தில் டவுன்ஷிப் வசந்தாவின் இடது மார்பை முழுசாக எடுத்தார்கள். அதுவும் எங்களிடம்தான் வந்தது. டாக்டர் அதை ரொட்டித் துண்டுகள் மாதிரி வரிசையாக நறுக்கித் தேடினார். ஒன்றும் இல்லை. அக்குள் நெறிக்கட்டிகளிலும் இல்லை. இரண்டு நாள் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, "பாத்தீரா, மொத தடவையிலயே மொத்தமும் வந்துடுச்சு. அந்த அம்மா அதிர்ஷ்டக்காரி" என்றார். அப்படி நடப்பதும் உண்டு. ஆகவே அவர் சந்தேகப்படவில்லை.

எனக்குத்தான் என்னவோ உறுத்தியது. வெட்டியது போக மீதித் திசுவை ஒரு மாதத்துக்குமேல் டப்பாவிலேயே வைத்திருப்பது வழக்கம். டாக்டர் சாப்பிடப் போன நேரம் அலமாரியைத் திறந்து இரண்டு டப்பாக்களையும் எடுத்தேன். பி-18 என்று இருந்த எழுத்து நீலமாகக் கரைந்து பரவியிருந்தது. நான் பேனாவால் எழுதுவதே இல்லை. ஃபார்மலினில் பேனா மை நிற்காது என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்றில் "கு.சாவடி" என்று நர்ஸின் கையெழுத்து, அதன் கீழே என் பென்சிலில் பி-19. உடனே புரிந்துவிட்டது, பி-18 என்பது டவுன்ஷிப் வசந்தாவின் பிளாக், நான் போட்ட எண் அல்ல. ஆனாலும் அந்த டப்பாவில் இருந்த மீதியை எடுத்துப் பிளேடால் அறுத்தேன். கரகரவென்றது.

அன்றைய தேதி எனக்கு நினைவிருக்கிறது, எழுதப் போவதில்லை. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் ஒருவருக்கு மார்பு திரும்பி வந்திருக்காது, ஆனால் கீமோதெரபி தொடங்கியிருக்க மாட்டார்கள். அடுத்த வாரம்தான் தொடங்க இருந்தார்கள். இன்னொருவருக்கு நேரம் நிறையவே இருந்தது. இரண்டு டப்பாக்களையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் அறை வாசல்வரை போனேன். அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னய்யா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். பழைய டப்பாவையெல்லாம் ஒதுக்கிட்டிருக்கேன்."

"ஒதுக்கும், ஒதுக்கும். நாத்தம் தாங்கல."

திரும்பி வந்து இரண்டையும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டேன். மாலையில் கழிவு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. தணிகாசலம் எண்ணில் தப்பு பண்ணமாட்டான் என்று அந்த மருத்துவமனை முழுக்கப் பேச்சு. அந்தப் பேரை இழக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டியைத்தான் முழுசாக எடுத்துவிட்டார்களே, இனி வராமலும் போகலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன்தான். அது பொய் என்று தெரிந்தே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, பொறுக்க முடியாமல், குள்ளஞ்சாவடிக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனபோது வசந்தா நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். முந்திரிப் பால் பட்டு விரலெல்லாம் கருத்திருந்தது. மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்றதும் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், எடுத்த கட்டியத் திருப்பிக் குடுக்க வந்துட்டீங்களா?"

பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "வாங்கி வெச்சுக்கடி, மழக்காலத்துல கொழம்புக்கு ஆவும்" என்றாள் ஒருத்தி.

"இல்லம்மா. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். எதுக்கும் ஒரு தடவ பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துடுங்களேன்."

"எதுக்குங்க?" என்று கேட்டபடி ஏழுமலை வீட்டிலிருந்து வந்தார். அன்று அவருக்கு இரண்டாம் ஷிப்ட், புறப்பட்டுக்கொண்டிருந்தார். "சாதாக் கட்டின்னு எழுதிக் குடுத்துட்டாங்களே. தோ, பாருங்க." உள்ளே போய் எங்கள் அறிக்கையை எடுத்து வந்தார். லேமினேஷன் போட்டு வைத்திருந்தார்கள். அதில் பி-18 என்று இருந்தது.

"சாதாதான். சும்மா, ஒரு தைரியத்துக்கு."

"ஏதாச்சும் இருக்குதுங்களா சார்? இருந்தா சொல்லிடுங்க. நான் இன்னிக்கே லீவு போட்டுட்டு இட்டுக்கினு போறேன்."

அவர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது.

"ஒண்ணுமில்லைங்க. எல்லார்கிட்டயும் சொல்றதுதான்" என்றேன்.

"அப்ப சரி" என்று வசந்தா அடுத்த கொட்டையை எடுத்து உடைத்தார். "எனுக்கு ஒரு நோவும் இல்ல சார். நல்லாத்தான் கீறேன்."

ஒன்றேகால் வருஷம் கழித்து அவர் மறுபடி எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். அக்குளில் எலுமிச்சை அளவு நெறிக்கட்டி. முதுகெலும்பில் வலி, நேராக உட்கார முடியவில்லை. ஊசியால் திசு எடுக்கும் அறையில் நானும் நின்றிருந்தேன். அறுவை டாக்டருக்குக் கோபம்.

"ஏம்மா, எத்தன மாசமா இது இருக்கு?"

"ஆறு மாசம் இருக்குங்க."

"ஆறு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"சாதாக் கட்டின்னு சொன்னீங்களே சார். இதுவும் அதுமாரி தான்னு…"

"அது வேற, இது வேறம்மா! அது சாதாதான். ரிப்போர்ட் இருக்கு. இது புதுசா வந்தது. படிக்காதவங்களோட இதே தொல்லை." ஏழுமலையிடம் திரும்பினார். "நீயாவது கூட்டிட்டு வரவேண்டாமா? பொண்டாட்டி தானே?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்திருந்த வசந்தாவின் அண்ணன், மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "ஷிப்டு ஷிப்டுன்னு ஓடிக்கினு இருந்தியே, எந்தங்கச்சிய பாத்தியாடா நீ?" வசந்தா கட்டிலில் படுத்தபடி, "அவர வுடுண்ணே. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்" என்றார்.

நான் ஊசி டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு எங்கள் நோயியல் டாக்டர் பழைய பி-18 ஸ்லைடை எடுத்து வரச் சொல்லி மறுபடி பார்த்தார். அது சாதாவாகத்தான் இருந்தது. இருக்கும். அது இந்த வசந்தாவுடையது அல்லவே.

அந்த ஆண்டு முடிவதற்குள் வசந்தா இறந்துவிட்டார். எங்கள் டாக்டர் அதற்கடுத்த ஆண்டு மாரடைப்பில் போனார். தன் கையெழுத்தில் இரண்டு பொய் அறிக்கைகள் போயிருக்கின்றன என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் சார்பில் இங்கே எழுதுகிறேன். ஸ்லைடில் அவர் பார்த்தது இரண்டும் சரி. மாற்றியது நான்.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, "முப்பது வருஷத்துல ஒரு தப்பு கிடையாது" என்று பேசினார்கள். டவுன்ஷிப் வசந்தாவும் வந்திருந்தார். கீமோவில் கொட்டிய முடி வளர்ந்திருந்தது. "அண்ணாச்சிதான் என் சீக்கக் கண்டுபிடிச்சுக் கொடுத்தாக. இல்லைன்னா இந்நேரம் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். அதற்கப்புறம்தான் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

முதலில் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு, மருத்துவமனையை நடத்தியவர்களுக்கும் மாவட்டச் சுகாதார அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிறகு டவுன்ஷிப் வசந்தாவைத் தேடிப் போனேன். கணவர் விருப்ப ஓய்வு பெற்று, அவர்கள் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டிருந்தார்கள், அங்கேயே போனேன். வசந்தா தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கணவர் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். வசந்தா விடச் சொன்னார்.

"அப்போ அந்த மாத்திரை? தினம் ஒண்ணு போட்டுட்டு இருக்கேனே. அதை நிறுத்திரலாமா?"

"வேற டாக்டர்கிட்ட என் கடுதாசியக் காட்டிக் கேட்டுட்டு நிறுத்துங்கம்மா."

மெஷினில் இருந்த துணியை எடுத்து மடித்தார். பிறகு கேட்டார். "எனக்குன்னு வந்த சீக்கு யாருக்கு அண்ணாச்சி இருந்துச்சு?"

சொன்னேன். "அவுக இருக்காகளா?" என்றார். இல்லை என்றேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார். 

குள்ளஞ்சாவடிக்குப் போகத்தான் எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. ஏழுமலை தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நின்றபடியே சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கி இங்க வந்தீங்களே. அப்பவே தெரியுங்களா ஒங்களுக்கு?"

"தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் போய் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கிட்ட சொல்லி இன்னாங்க ஆவுறது? எம் பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க. மூணு வருஷமா எங்கூட பேசறதில்ல அவ. அவ மாமன் வூட்லதான் கீறா. அம்மாவ நீதான் கொன்னுட்டன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

இருவரும் பஸ் மாறி மேல்பட்டாம்பாக்கம் போனோம்.  மைத்துனர் வீட்டுத் தெருவில் அவர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. நான் மட்டும் போய்க் கூப்பிட்டேன். மகள் பவித்ரா வந்தாள். கல்லூரி முதலாண்டு படிக்கிறாள் என்று அப்பா சொல்லியிருந்தார். பின்னால் மாமன் வந்து நின்றார்.

மூன்றாவது முறையாகச் சொன்னேன். பதினெட்டாம் பிளாக், பதினெட்டாம் எண், பேனா, பென்சில், மஞ்சள் பை, எல்லாவற்றையும். உன் அப்பா அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொன்னார், நான்தான் ஒன்றுமில்லை என்றேன் என்பதையும் சொன்னேன். மாமன் மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"கடைசி வரைக்கும் எங்கம்மா 'நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்'னு சொல்லிக்கினே இருந்தாங்க சார். சாவறப்பவும் அதான் சொன்னாங்க. அது இல்லம்மான்னு இப்ப அவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?"

 அவள் என்னைத் தாண்டி வேலிவரை போனாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.

"உள்ள வாப்பா" என்றாள்.

ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அவர் உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க போங்க சார்."